இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு நடுவே ‘ஆல்ரெடி’ வரலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை செய்கிறேன் சார். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதுதான் எனக்குப் பாதி வேலை. போன மாதம் ஒரு ஜெர்மனி பையருக்கு ‘வீ ஹேட் சென்ட் யூ ஆல்ரெடி த சாம்பிள்ஸ்’ என்று எழுதினேன். மேனேஜர் அதை அடித்துவிட்டு ‘வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் யூ த சாம்பிள்ஸ்’ என்று திருத்தினார். பக்கத்து சீட் அண்ணன், ‘ஆல்ரெடி’ கடைசியில்தான் வரணும் என்கிறார். ஆனால் அந்த ஜெர்மன்காரரே எனக்கு வரும் மெயில்களில் என்னைப் போலத்தான் எழுதுகிறார். யார் சொல்வது சரி? ‘ஒன்லி’ எழுதும்போதும் இதே தடுமாற்றம். மனப்பாடம் செய்ய விதி வேண்டாம், ஏன் என்று சொல்லுங்கள். (ஆம்பூர் வாசகர்)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

உங்கள் மேனேஜர் திருத்தியது சரி. அண்ணன் சொல்வதிலும் பாதி சரி. ‘ஆல்ரெடி’ கடைசியிலும் வரலாம், ஆனால் கடைசியில்தான் வர வேண்டும் என்றில்லை. நீங்கள் எழுதிய வாக்கியம் புரியும், ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இடறும். ஜெர்மன்காரர் ஏன் அப்படி எழுதுகிறார் என்பதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. உங்கள் கேள்வியின் சுவையான பகுதியே அதுதான்.

ஆங்கில வாக்கியங்களை நீங்கள் எழுதியது போலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடை விழுகிறது என்பதைக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

முதலில் நம் மொழியைப் பாருங்கள். ‘பையருக்கு சாம்பிளை ஏற்கெனவே அனுப்பியிருந்தோம்’ என்கிறோம். ‘பையருக்கு ஏற்கெனவே சாம்பிளை அனுப்பியிருந்தோம்’ என்றும் சொல்லலாம். ‘ஏற்கெனவே சாம்பிளைப் பையருக்கு அனுப்பியிருந்தோம்’ என்றாலும் யாரும் புருவத்தை உயர்த்தப் போவதில்லை. பையர் எங்கே போனாலும் ‘க்கு’ அவரோடு போகிறது, சாம்பிள் எங்கே போனாலும் ‘ஐ’ அதோடு போகிறது. யாருக்கு, எதை என்ற இரண்டும் சொல்லிலேயே ஒட்டியிருப்பதால், நடுவில் ஏற்கெனவே வந்தாலும் நேற்று வந்தாலும் குழப்பம் இல்லை.

ஆங்கிலத்தில் ‘சென்ட் த பையர் த சாம்பிள்ஸ்’ என்ற தொடரில் அந்த ஒட்டு எங்கே இருக்கிறது? இரண்டு பெயர்ச்சொற்களும் அடையாளம் எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து நிற்கின்றன. வினைக்கு அடுத்து நிற்பது பெற்றுக்கொள்ளும் ஆள், அதற்கும் அடுத்து நிற்பது போய்ச் சேரும் பொருள். இந்த இரண்டையும்தான் ஆப்ஜெக்ட் என்கிறோம். வேற்றுமை உருபு செய்யும் வேலை முழுவதையும் இங்கே இடம்தான் செய்கிறது. அதனால் வினை, ஆள், பொருள் மூன்றும் இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது. ஷூவின் மேல்பகுதியான ‘அப்பர்’, அடிப்பகுதியான ‘சோல்’ இரண்டையும் பசை போட்டு பிரஸ்ஸில் அழுத்திய பிறகு நடுவில் எதையும் செருக முடியாதல்லவா, அப்படி. ‘சென்ட் ஆல்ரெடி த பையர்’ என்றாலும் ‘சென்ட் த பையர் ஆல்ரெடி த சாம்பிள்ஸ்’ என்றாலும் கேட்பவருக்கு அந்த ஒட்டு பிரிந்துபோகிறது.

இப்போது உங்கள் ஜெர்மன் பையர். ஜெர்மன் மொழியில் நம்மைப் போலவே வேற்றுமை உண்டு. யாருக்கு, எதை என்பதைப் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும் சொல்லின் வடிவமே காட்டிவிடும். அதோடு, ‘அனுப்பியிருந்தோம்’ போன்ற வாக்கியத்தில் அனுப்புவதைக் குறிக்கும் சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். எனவே ‘ஏற்கெனவே’ என்ற சொல்லை ஆளுக்கும் பொருளுக்கும் நடுவே வைப்பது அவருக்குப் பழக்கமான ஒன்று. ஆம்பூரிலிருந்து நீங்களும் அங்கிருந்து அவரும் ஒரே இடத்தில் இடறுவது தற்செயல் அல்ல. இரண்டு பேருடைய தாய்மொழியும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. தமிழ் மீடியம் என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தவறு தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வருவது. அவருடைய மெயிலை நீங்கள் திருத்த வேண்டாம். ஆனால் அதைப் பார்த்து எழுதிப் பழகவும் வேண்டாம், ஏனென்றால் நாளைக்கு இங்கிலாந்து பையரும் அமெரிக்க பையரும் வருவார்கள்.

சரி, நடுவில் வராது என்றால் எங்கே வரும்? ‘ஹேட்’ என்ற துணைவினைக்கும் வி3 என்று பள்ளியில் படித்த வினை வடிவத்துக்கும் இடையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர், ஆல்வேஸ், ரீசன்ட்லி போன்றவை வழக்கமாக உட்காரும் இடம் அதுதான். ‘வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் த பையர் த சாம்பிள்ஸ்.’ ‘தே ஹேட் நெவர் ஷோன் அஸ் த டிசைன்.’ ஆப்ஜெக்ட் ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் இந்த இடம் மாறாது, ஏனென்றால் அந்த இரண்டும் வினைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. துணைவினை இரண்டு வந்தால் ‘ஆல்ரெடி’ முதலாவதை ஒட்டியே நிற்கும்: ‘த பையர் ஹேட் ஆல்ரெடி பீன் சென்ட் த சாம்பிள்ஸ்.’ ஆனால் ஒரு வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்லும் அட்வெர்ப் (வினையடை) வினைக்கு நெருக்கமாகப் போகும்: ‘த ஷூஸ் ஹேட் பீன் கேர்ஃபுல்லி பேக்ட்.’

‘வீ ஆல்ரெடி ஹேட் சென்ட்’ என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தவறில்லை, அமெரிக்கர்களிடம் காணலாம். ‘ஹேட்’ மீது அழுத்தம் விழும்போது அப்படி வரும். கம்பெனி மெயிலுக்கு அந்த அழுத்தம் தேவைப்படாது. அண்ணன் சொல்லும் ‘வீ ஹேட் சென்ட் யூ த சாம்பிள்ஸ் ஆல்ரெடி’ பேச்சில் சரளமாக வரும், ‘அதுக்குள்ளயே அனுப்பிட்டோமே’ என்ற தொனி அதில் இருக்கும். பையருக்கு எழுதும்போது அந்தத் தொனி சில சமயம் சலிப்பு போலவும் படும்.

இடத்தைவிட முக்கியமான ஒன்றை உங்கள் மேனேஜர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த மெயிலில் ‘ஹேட்’ தேவைதானா? ‘ஹேட்’டும் வி3-யும் சேர்ந்து வரும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் வாக்கியம் தனியாக நிற்காது. நடந்து முடிந்த இன்னொரு நிகழ்ச்சி பக்கத்தில் இருந்து, அதற்கும் முன்பே இது முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் ‘ஹேட்’ வருகிறது.

நம் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோடு வந்தார். அவர் வந்தது ஒரு நிகழ்ச்சி. அதற்கு முன்பே கோட்டையில் மைசூர்க் கொடி ஏறிவிட்டது. ‘வென் கில்லெஸ்பி ரீச்ட் வேலூர், த சோல்ஜர்ஸ் ஹேட் ஆல்ரெடி ரெய்ஸ்ட் த மைசூர் ஃப்ளாக்.’ வந்தது ‘ரீச்ட்’, வருவதற்கு முன் நடந்தது ‘ஹேட் ரெய்ஸ்ட்’. எழுச்சிக்குக் காரணத்தைச் சொல்லப் போனால் இன்னும் பின்னால் போக வேண்டும். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை வெட்டிக்கொள்ள வேண்டும், தோலால் செய்த சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று படையில் உத்தரவு வந்திருந்தது. அதை எழுதும்போது உங்கள் வாக்கியத்தில் போலவே இரண்டு ஆப்ஜெக்ட்டும் வந்து நிற்கின்றன: ‘த ஆர்மி ஹேட் ரீசன்ட்லி கிவன் த சோல்ஜர்ஸ் நியூ ஆர்டர்ஸ்.’ சோல்ஜர்ஸ் ஆள், ஆர்டர்ஸ் பொருள், ‘ரீசன்ட்லி’ தன் இடத்தில் இருக்கிறது. அதை எடுத்து ‘கிவன் த சோல்ஜர்ஸ் ரீசன்ட்லி நியூ ஆர்டர்ஸ்’ என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள்; நாக்கு நிற்கும் இடம் தெரியும்.

நம் பக்கத்தில் ‘ஹேட்’ கணக்கில்லாமல் வருவதற்கும் தமிழில் ஒரு வேர் இருக்கிறது. ‘நேத்து மெயில் அனுப்பியிருந்தேனே, பாக்கலையா?’ என்று இயல்பாகக் கேட்கிறோம். அந்த ‘இருந்தேன்’ அப்படியே ‘ஹேட்’ ஆகி, ‘ஐ ஹேட் சென்ட் யூ அ மெயில் யெஸ்டர்டே’ என்று போகிறது. பக்கத்தில் வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லாதபோது ஆங்கிலத்தில் அது ‘ஐ சென்ட் யூ அ மெயில் யெஸ்டர்டே’ தான். சாம்பிள் போய்விட்டது என்று இன்றைக்குத் தெரிவிப்பதற்கு மட்டும் எழுதினால் ‘வீ ஹேவ் ஆல்ரெடி சென்ட் யூ த சாம்பிள்ஸ்’ போதும். அதில் முடிந்துபோன நாளைச் சொல்லக் கூடாது. ‘வீ ஹேவ் சென்ட் யூ த சாம்பிள்ஸ் யெஸ்டர்டே’ என்பது வட ஆற்காட்டுக் கம்பெனிகளில் நான் அதிகம் திருத்திய வாக்கியம். நாளைச் சொல்ல வேண்டுமானால் ‘வீ சென்ட்’ என்று எழுதுங்கள். பாஸ்ட் பெர்ஃபெக்ட்டில் நாள் வரலாம், ஆனால் அது வாக்கியத்தின் முதலிலோ கடைசியிலோ வரும். ‘வீ ஹேட் யெஸ்டர்டே சென்ட்’ என்று காலி இடத்தில் போய் உட்காராது.

இனி விதிவிலக்குகள். விதியைவிட இவற்றில்தான் உங்களுக்குப் பயன் அதிகம். ஆங்கிலத்தில் அடையாளம் இல்லாத இடத்தில்தான் அந்தக் கண்டிப்பு என்றேன். அடையாளம் கிடைத்த இடத்தில் கண்டிப்பு தளரும்.

‘டு’ சேர்த்துப் பாருங்கள். ‘வீ ஹேட் சென்ட் த சாம்பிள்ஸ் பை கூரியர் டு த பையர்.’ சாம்பிளுக்கும் பையருக்கும் நடுவில் ‘பை கூரியர்’ வந்தும் இடறவில்லை. ‘டு’ தான் நம் ‘க்கு’வின் வேலையைச் செய்கிறது, அதனால் பையர் தள்ளி நிற்க முடிகிறது. பொருளை ‘இட்’ என்று சுருக்கும்போதும் ‘டு’ போட்டே எழுதுங்கள்: ‘வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் இட் டு தெம்.’ ‘சென்ட் தெம் இட்’ இங்கிலாந்துப் பேச்சில் கேட்கக்கூடும், எழுத்தில் வேண்டாம். சில வினைகள் இரண்டு ஆப்ஜெக்ட்டை அடையாளம் இல்லாமல் தாங்கவே தாங்காது. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ அதில் ஒன்று. ‘ஹி ஹேட் எக்ஸ்ப்ளெய்ன்ட் மீ த ப்ராப்ளம்’ என்பதை நம் ஊரில் நாள் முழுக்கக் கேட்கலாம். ‘எக்ஸ்ப்ளெய்ன்ட் த ப்ராப்ளம் டு மீ’ என்பதே சரி.

இரண்டாவது விதிவிலக்கில் பணமே அடங்கியிருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். ‘டோல்ட்’ போன்ற வினைகளுக்கு இரண்டாவது ஆப்ஜெக்ட் ஒரு முழு வாக்கியமாகவே வரும். ‘வீ ஹேட் டோல்ட் த பையர் தட் த கூட்ஸ் வேர் ரெடி.’ சரக்கு தயார் என்று பையரிடம் சொல்லியிருந்தோம். இதில் ‘வெள்ளிக்கிழமை’யை எங்கே வைப்பீர்கள்? கடைசியில் வைத்தால், ‘வீ ஹேட் டோல்ட் த பையர் தட் த கூட்ஸ் வேர் ரெடி ஆன் ஃப்ரைடே’. நாம் சொன்னது வெள்ளிக்கிழமையா, சரக்கு தயாரானது வெள்ளிக்கிழமையா? படிக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் ‘ஃப்ரைடே’ பக்கத்தில் நிற்பது ‘ரெடி’. ஷிப்மென்ட் தாமதமாகி, ஏர் ஃபிரைட் (விமானத்தில் சரக்கு அனுப்பும்) செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வரும்போது இந்த ஒரு சொல்லின் இடத்தை வைத்தே வாதம் நடக்கும். நாம் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை என்றால், ‘வீ ஹேட் டோல்ட் த பையர் ஆன் ஃப்ரைடே தட் த கூட்ஸ் வேர் ரெடி’ என்று எழுதுங்கள். ஆம், இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கும் நடுவேதான். முன்பு கூடாது என்றது இங்கே கூடும், கூட வேண்டும். இரண்டாவது ஆப்ஜெக்ட் நீளமாக இருக்கிறது, ‘தட்’ என்ற சொல் அதன் தலையில் நின்று இங்கிருந்துதான் தொடங்குகிறேன் என்று காட்டிவிடுகிறது. எழுதும்போது அந்த ‘தட்’டை விட்டுவிடாதீர்கள், அதை எடுத்துவிட்டால் ‘ஃப்ரைடே’ மறுபடி இரண்டு பக்கமும் சாயும்.

மூன்றாவது, நீங்கள் கேட்ட ‘ஒன்லி’. இது வினையோடு மட்டும் சேரும் சொல் அல்ல, எந்தச் சொல்லையும் பிடித்துக்கொள்ளும். நம் ‘மட்டும்’ தான் பிடிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும், ‘ஒன்லி’ முன்னால் வரும். ‘வீ ஹேட் சென்ட் ஒன்லி த பையர் த சாம்பிள்ஸ்’ என்றால் பையருக்கு மட்டும், ஏஜென்ட்டுக்கு அனுப்பவில்லை. ‘வீ ஹேட் சென்ட் த பையர் ஒன்லி த சாம்பிள்ஸ்’ என்றால் சாம்பிளை மட்டும், விலைப்பட்டியல் போகவில்லை. ‘வீ ஹேட் ஒன்லி சென்ட் த பையர் த சாம்பிள்ஸ்’ என்றால்? பேச்சில் எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அதற்குப் பொருந்தும், மெயிலில் அழுத்தம் தெரியாது. ஆகவே எழுத்தில் ‘ஒன்லி’யை அது குறிக்கும் சொல்லுக்கு நேர் முன்னால் வையுங்கள். இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு நடுவே அது வருவதில் தவறே இல்லை, ஏனென்றால் அது இரண்டையும் பிரிக்கவில்லை, இரண்டாவதோடு சேர்ந்து அதன் பகுதியாகிவிடுகிறது.

இதில் நம் ஊர் ஆங்கிலத்தால் ஓர் ஆபத்து உண்டு. ‘ஐ டோல்ட் ஹிம் ஒன்லி’ என்று ‘அவரிடம்தான் சொன்னேன்’ என்ற பொருளில் பேசிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘சென்ட் த பையர் ஒன்லி த சாம்பிள்ஸ்’ என்பதை உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் ‘பையருக்கு மட்டும்’ என்று படித்துவிடலாம். பையருக்கு மட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வீ ஹேட் சென்ட் த சாம்பிள்ஸ் டு ஒன்லி த பையர்’ என்று எழுதினால் யாரும் மாற்றிப் படிக்க முடியாது. சாம்பிள் ஷூ ஜோடியாகப் போகாமல் ஒற்றைக் காலாகப் போவதும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ‘வீ ஹேட் சென்ட் யூ ஒன்லி த லெஃப்ட் ஷூஸ்’ என்று சரியான இடத்தில் ‘ஒன்லி’ இருந்தால், மற்றது எங்கே என்று கேட்டு ஒரு மெயில் வராது. வேலூரில் என்னிடம் படிக்க வரும் நர்ஸ்களிடம் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். ‘ஐ ஹேட் கிவன் த பேஷன்ட் ஒன்லி ஹாஃப் த டோஸ்’ என்று ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைப்பதில் ‘ஒன்லி’ நகர்ந்தால் அடுத்து வரும் நர்ஸ் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இடம் மாறினால் பொருளே மாறும் இன்னொரு சொல் ‘க்ளியர்லி’. சரக்கில் குறை என்று இழப்பீடு கேட்கும் க்ளெய்ம் வரும்போது நீங்கள் பயன்படுத்துவீர்கள் என்பதால் சொல்கிறேன். ‘வீ ஹேட் ஷோன் த பையர் த டிஃபெக்ட் க்ளியர்லி’ என்றால் தெளிவாகக் காட்டியிருந்தோம். ‘வீ ஹேட் க்ளியர்லி ஷோன் த பையர் த டிஃபெக்ட்’ என்றால், காட்டியிருந்தோம் என்பதில் சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம். பையரோடு சண்டை வேண்டாம் என்றால் கடைசியில் வையுங்கள்.

‘ஹார்ட்லி’, ‘நெவர்’ ஆகியவற்றை முதலில் போட்டால் ‘ஹேட்’ எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும்: ‘ஹார்ட்லி ஹேட் வீ சென்ட் த பையர் த சாம்பிள்ஸ் வென் ஹி சேஞ்ச்ட் த ஆர்டர்.’ சாம்பிளை அனுப்பினோமோ இல்லையோ, அவர் ஆர்டரை மாற்றிவிட்டார் என்று பொருள். படிக்கும்போது புரிந்தால் போதும். மெயிலில் எழுத வேண்டிய தேவை வராது.

உங்கள் மெயிலுக்கு வருகிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமை சாம்பிள் அனுப்பி, திங்கட்கிழமை அவர் இன்னும் வரவில்லையே என்று கேட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மெயில் வந்தது ஒரு நிகழ்ச்சி, அதற்கு முன்பே சாம்பிள் போனது இன்னொன்று. இங்கே ‘ஹேட்’ நியாயமாக வருகிறது: ‘வென் யுவர் மெயில் ரீச்ட் அஸ் ஆன் மண்டே, வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் யூ த சாம்பிள்ஸ்.’ அனுப்பிய நாளையும் ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) நம்பரையும் இதற்குள் திணிக்க வேண்டாம். அடுத்த வரியில் ‘வீ சென்ட் தெம் பை கூரியர் ஆன் ஃப்ரைடே’ என்று தொடங்கி நம்பரைத் தனியாகக் கொடுங்கள். அந்த வரியில் ‘ஹேட்’ வேண்டாம். எது முன், எது பின் என்பதை முதல் வரி சொல்லிவிட்டது.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர், வேலூர்